யாருக்குக் காவல்?

எமது கல்முனைக் கரையோர ஊர்களில் தொழுமிடத்தைப் 'பள்ளி' என்பதிலும் 'பள்ளிவாசல்' என்பதே பெருவழக்கு. மருதமுனை தொடக்கம் நிந்தவூர் வரை எவ்வூரிலும் இச்சொல்லைக் கேட்கலாம். வழிபடும் வீடு முழுவதையும் அதன் வாயிலின் பெயரால் அழைக்கின்றோம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் மக்களின் மொழி எதனையும் காரணமின்றிப் பேணி வைப்பதில்லை. பெரிய வீடு எதுவாயினும், அது அரசனுடையதாயினும் ஆண்டவனுடையதாயினும், எளிய மனிதன் முதலிற் காண்பது அதன் வாயிலையே. பல வேளைகளில் அவன் காண்பது அதனை மட்டுமே.

அதியமான் நெடுமான் அஞ்சியின் வாயிலிற் காலம் தாழ்த்தப்பட்ட ஔவையார், தம் சினத்தை மன்னனிடம் கூறாது அவனுடைய வாயிற்காவலனிடமே கூறுவதாகப் புறநானூற்றில் ஒரு பாட்டு உண்டு. நீதி கேட்டு வந்த கண்ணகி பாண்டியன் அரண்மனையில் முதலிற் பேசியதும் வாயிற்காவலனோடுதான். கதவு அவனுடையதன்று என்பதை இருவரும் அறிவர். எனினும் அவனைக் கடந்துதான் செல்லவேண்டும் என்பதையும் அறிவர்.

வாயிலில் நின்ற இம்மனிதன் யார்? அவனை அங்கே நிறுத்தியவர் யார்? அவன் எவரைக் காத்தான்? எவரைத் தடுத்தான்? வழிபாட்டிடங்களைப் பற்றிய வரலாற்றில் இவ்வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. கோபுரத்தைக் கட்டிய மன்னனின் பெயரும், பூசை செய்த குருவின் பெயரும் எமக்குத் தெரியும். காலையிற் கதவைத் திறந்தவனின் பெயர் தெரியாது. அப்பெயர்களையும் வரிசைப்படுத்தி வைத்திருக்கும் மிகப் பழைய ஏடுகளிலொன்று யூதரின் மறைநூல். கிறிஸ்தவர் பழைய ஏற்பாடு என்று போற்றுவதும் அதுவே. ஆதலால் எம் வாயில்களுக்கு வருமுன் எருசலேமின் வாயில்களைச் சற்றுப் பார்த்தல் தகும்.

எருசலேமின் வாயில்கள்

எருசலேம் ஆலயம் வட்டத்துள் வட்டமாக அமைந்த ஒரு சமுதாயத்தின் வடிவம். பிற்கால ஆலயத்தில், பிற இனத்தார் வெளி முற்றத்தோடு நிற்கவேண்டும். யூதப் பெண்கள் அதற்கு அடுத்த முற்றம் வரை வரலாம். ஆண்கள் இன்னுஞ் சற்று உள்ளே செல்லலாம். பலிபீடத்தை அண்டுவது ஆசாரியரின் உரிமை. உள்ளறைக்குள் ஆண்டுக்கு ஒருநாள் தலைமை ஆசாரியர் ஒருவரே நுழைவார். இவ்வட்டங்களின் எல்லைகள் தாமாக நிலைபெறுவதில்லை. எல்லைதோறும் ஒருவன் விழித்து நிற்கவேண்டும். அவ்வேலைக்கென ஒதுக்கப்பட்டோரே வாயிற்காவலர்.

நாளாகமம் எனும் நூலின் முதற் பாகத்தில் இவர்களைப் பற்றிய விரிவான பட்டியல்கள் காணப்படுகின்றன. தெரிந்தெடுக்கப்பட்ட காவலர் 212 பேர் என்றும், அவர்தம் தலைவர் சல்லூம் என்றும் ஓரிடம் கூறுகிறது. கிராமங்களில் வாழ்ந்த உறவினர் ஏழு நாளுக்கு ஒருமுறை முறை மாறி வந்து வேலை செய்தனர். தலைமைக் காவலர் நால்வர் ஆலயத்தைச் சூழவே இராத்தங்கி, விடியுந்தோறும் கதவு திறந்தனர். வழிபாட்டுப் பாத்திரங்கள் வெளியே செல்லும்போதும் உள்ளே வரும்போதும் எண்ணிக் கணக்கெடுக்கப்பட்டன. மா, திராட்சை இரசம், எண்ணெய், நறுமணப் பொருள்கள் ஆகியவற்றைப் பாதுகாப்பதும் இவர்களைச் சார்ந்த பணியே. எந்தக் குடும்பம் எந்த வாயிலில் நிற்பது என்பது, பெரியோர் சிறியோர் என்ற வேறுபாடின்றித் திருவுளச்சீட்டினால் தீர்மானிக்கப்பட்டது. கிழக்கே ஆறு பேர், வடக்கே நால்வர், தெற்கே நால்வர் என்று தொடங்கும் கணக்கைக் கூட்டினால் 24 காவலிடங்கள் வருகின்றன. இவற்றைப் படிக்கும்போது நாம் காண்பது இறைஞானியரையன்று. பண்டகசாலைக் காவலரையும் கணக்கரையும் இரவுக் காவற்காரரையுமே.

வாயிலில் நின்றவன் பணத்தையும் காத்தான். யோசியா மன்னன் காலத்தில், கி.மு. ஏழாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், ஆலயம் பழுதுபார்க்கப்பட்டது. அதற்கான பணத்தை மக்களிடமிருந்து சேர்த்தவர்கள் வாசல் காப்போரே. அப்பணம் தச்சருக்கும் கொத்தருக்கும் கூலியாகச் சென்றது. அவ்வேலையாள்கள் உண்மையாக நடந்துகொண்டமையால் அவர்களிடம் கணக்குக் கேட்கப்படவில்லை என்று அரசர் நூல் குறிப்பிடுகிறது. மன்னரின் வஞ்சகங்களை ஏடு ஏடாகக் கூறும் நூல், உழைப்பாளரின் நேர்மையைப் போகிற போக்கில் ஒரே வசனத்திற் கூறிச் செல்வது கருதத்தக்கது.

பொறுப்புக்கு ஏற்ற ஆபத்தும் இருந்தது. கி.மு. 586 அளவில் பாபிலோனியர் எருசலேமை அழித்தபோது தலைமை ஆசாரியரோடு வாசல் காப்போர் மூவரையும் பிடித்துச் சென்றனர். இரிப்லா எனும் இடத்தில் நெபுகாத்நேசார் மன்னன் அவர்களைக் கொல்லுவித்தான். உள்ளே செல்லும் உரிமையிற் கடைசியாக நின்றவர்க்கு, சாவில் மட்டும் முன்வரிசை கிடைத்தது.

இவர்கள் எதை உண்டு வாழ்ந்தனர்? லேவியர் எனும் ஆலயப் பணியாளர் குலத்துக்குத் தனி நிலப்பங்கு இல்லை. மக்கள் செலுத்தும் பத்திலொரு பங்கே அவர்தம் பிழைப்பு என்பது விதி. விதி ஏட்டிலிருந்தது, தானியம் களஞ்சியத்துக்கு வரவில்லை. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிற் பாரசீகப் பேரரசின் கீழ் எருசலேமை ஆண்ட நெகேமியா, சிலகாலம் வெளியே சென்று திரும்பியபோது கண்ட காட்சியைத் தம் குறிப்பிலே கூறுகிறார். லேவியர், பாடகர், வாயிற்காவலர் ஆகியோருக்குரிய தானியமும் எண்ணெயும் வைக்கும் பெரிய அறை, செல்வாக்குள்ள ஒருவனின் தங்குமிடமாக மாற்றப்பட்டிருந்தது. படி கிடைக்காத பணியாளர் ஆலயத்தைக் கைவிட்டுத் தத்தம் வயல்களுக்கு ஓடிப்போயிருந்தனர். நெகேமியா செய்த முதல் வேலை அவர்களுக்கு உபதேசம் பண்ணியதன்று. அறையைக் காலி செய்வித்தார். பங்கீட்டுக்கு நம்பிக்கையானோரை நியமித்தார். அவர்களைத் திரும்ப அழைத்தார். பக்தியினால் மட்டும் கதவு திறப்பதில்லை, கதவு திறப்பவனுக்கும் வயிறு உண்டு என்பதை அந்த ஆளுநர் அறிந்திருந்தார்.

பணியாளருக்குள்ளும் படிநிலை இருந்தது. பாபிலோனிலிருந்து மீண்டோரின் பட்டியலில் வாயிற்காவலர் 139 பேர் லேவியரிலிருந்து வேறாகவே எண்ணப்படுகின்றனர். அதற்குப் பின்னர் எழுந்த நாளாகமத்தில் அவர்கள் லேவியர் ஆகிவிடுகின்றனர். தாவீது மன்னன் காலத்தில் அவர்கள் தொகை 4,000 என்று பெருமையும் பெறுகின்றனர். தாழ்ந்த வேலை செய்த ஒரு பிரிவு, தலைமுறைகள் கடந்து தன் மதிப்பை உயர்த்திக்கொண்ட வரலாற்றையே இவ்வேறுபாட்டில் ஆய்வாளர் காண்கின்றனர். குலவரலாறு எழுதித் தம்மை உயர்த்திக்கொண்ட கூட்டங்கள் எம் நாட்டிலும் உண்டல்லவா?

ஆனால் உயர்ந்தவன் தனக்கு அப்பால் ஒரு கோட்டை உடனே கீறிக்கொள்கின்றான். ஆலயத்தில் ஒருநாள் கதவு சாத்த உதவுவதற்கு யோசுவா எனும் அறிஞர் சென்றார். அவர் பாடகர் மரபினர். கதவு சாத்திக்கொண்டிருந்தவரோ காவலர் மரபினர். "நீர் பாடகர் கூட்டம், நான் காவலர் கூட்டம், திரும்பிச் செல்லும்" என்ற கருத்துப்பட அவர் திருப்பி அனுப்பப்பட்டார் என்று யூதரின் தல்மூத் கூறுகிறது. சுமையான கதவை இருவர் சேர்ந்து தள்ளவும் குலம் தடையாயிற்று! கிழக்குப் பக்கத்து வெண்கலக் கதவொன்றை 20 பேர் சேர்ந்தே சிரமத்தோடு சாத்தினர் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியதையும் இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்கவேண்டும்.

இரவுக் காவலைப் பற்றிக் கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா தரும் செய்தி இன்னும் கடுமையானது. ஆலயத்தில் ஆசாரியர் மூன்று இடங்களிலும் லேவியர் 21 இடங்களிலும் காவல் நின்றனர். ஆலய மேட்டின் அதிகாரி தீவட்டிகளோடு இரவிற் சுற்றி வருவார். எழுந்து வணக்கஞ் சொல்லாத காவலன் உறங்குகிறான் என்று கண்டால் அவனைத் தடியால் அடிப்பார். அவனது உடையை எரிக்கவும் அவருக்கு அதிகாரம் இருந்தது. பகலிற் பிறரைத் தடுக்கும் அதிகாரம் பெற்று நின்றவன், இரவிற் தடிக்கு அஞ்சி விழித்திருந்தான். இரவல் அதிகாரத்தின் இயல்பு இதுதான்.

இவ்விடத்திற் கோராகு என்பவனின் கதையை மறக்கலாகாது. லேவியனாகிய அவன், மக்கள் அனைவரும் தூய்மையானவர்களாயிருக்க நீங்கள் மட்டும் உங்களை உயர்த்திக்கொள்வது ஏன் என்று மோசேயையும் ஆரோனையும் எதிர்த்து நின்றான் என்கிறது எண்ணாகமம். நிலம் பிளந்து அவனை விழுங்கியது. ஆயினும் அவனுடைய பிள்ளைகள் சாகவில்லை என்று அந்நூலே கூறுகிறது. அவன் வழிவந்தோர் பின்னர் என்ன ஆயினர்? ஆலய வாயிற்காவலர் ஆயினர். எல்லோருக்கும் உரிமை கேட்டவனின் மக்களிடமே, எல்லோரையும் உள்ளே விடாமற் காக்கும் வேலை ஒப்படைக்கப்பட்டது. ஒடுக்குமுறை நெடுங்காலம் நின்று நிலைப்பதன் இரகசியங்களுள் இது ஒன்று.

இதே மனிதனைத் திருக்குர்ஆன் காரூன் என்று அழைக்கிறது. அங்கே அவன் பெருஞ்செல்வன். அவன் களஞ்சியங்களின் திறவுகோல்களே வலிமையுடைய ஒரு கூட்டத்தாருக்குச் சுமையாக இருந்தனவாம். ஒரு மரபில் அவன் கதவைத் திறக்கச் சொன்ன கலகக்காரன். மற்றதிற் திறவுகோல்களைக் குவித்து வைத்தவன். இரு கதைகளிலும் நிலம் அவனை விழுங்குகிறது. எங்கள் வகுப்பறைகளில் இவ்விரு கதைகளையும் ஒருங்கே வைத்து மாணவரோடு பேசினால், அதிகாரத்தைப் பற்றிய பாடம் ஒன்று தானே பிறக்கும்.

வாயிலின் தடை இறுதியிற் கல்லிலே பொறிக்கப்பட்டது. பிற இனத்தார் இந்த வேலியைக் கடந்து வரலாகாது, கடந்து பிடிபடுபவன் தன் சாவுக்குத் தானே பொறுப்பாளி என்று கிரேக்க மொழியில் எச்சரிக்கும் கல்வெட்டொன்று 1871இல் எருசலேமிற் கண்டெடுக்கப்பட்டது. இன்று அது இஸ்தான்புல் நகர் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆனால் அதற்கு நூற்றாண்டுகள் முன்னரே, ஏசாயாவின் நூலிலே, ஆலயம் எல்லா மக்களுக்குமுரிய செப வீடாகும் என்ற குரல் எழுந்துவிட்டது. அந்நியரும் அங்க ஈனரும் விலக்கப்படலாகாது என்று அக்குரல் வாதாடியது. தடையும் தடையை எதிர்த்த குரலும் ஒரே மதத்தினுள், ஒரே ஏட்டினுள் வாழ்ந்தன. கி.பி. 70இல் உரோமப் படை ஆலயத்தை எரித்தபோது வட்டங்கள் யாவும் ஒன்றாகவே சாம்பராயின.

தஞ்சையின் மெய்காப்பாளர்

இவை யாவும் தொலைதேசத்துச் செய்திகள் என்று நினைப்போர் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களைப் பார்க்கவேண்டும். முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் அக்கோயிலின் பணியாளரை ஒருவர் விடாது குறிப்பிடுகின்றன. சோழநாட்டுக் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்களும் அங்கே உள்ளன. அவர்க்கு ஆளுக்கு ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். நட்டுவரும் மத்தளக்காரரும் விளக்கிடுவோரும் தையற்காரரும் தச்சரும் நாவிதரும் தத்தம் பங்கோடு எழுதப்பட்டுள்ளனர். 'திருமெய்காப்பு' எனப்படும் கோயிற்காவலுக்கு ஆள் அனுப்பும் கடமை பல ஊர்களின் மேல் விதிக்கப்பட்டது. அனுப்பிய ஊரே அவனது பிழைப்புக்கு நெல்லும் அளக்கவேண்டும். எருசலேமின் காவலன் தன் கிராமத்திலிருந்து முறைக்கு வந்ததை இங்கே நினைவுகூரலாம்.

பணி பரம்பரையானது. பங்கு பெற்றவர் இறந்தாலோ வெளியேறினாலோ அடுத்த உறவினர் அப்பணியைச் செய்யவேண்டும். அவருக்குத் தகுதி இல்லையெனில் தகுதியுள்ள ஒருவரை அவர் தேடித் தரவேண்டும். இவ்வாறு ஒவ்வொருவனுக்கும் ஓரிடம் உறுதியாயிற்று. ஓரிடம் உறுதியாதல் என்பது, அவ்விடத்தை விட்டு அசைய முடியாமையும் ஆகும்.

அக்கோயிலுக்குக் கொடுக்கப்பட்ட ஊர்களின் நிலத்தை அளந்து, இறையிலியாகக் கழிக்கப்படும் பகுதிகளைக் குறிக்கும் கல்வெட்டுகளும் அங்கேயே உள்ளன. கழிக்கப்பட்டவற்றுள் ஊர்நத்தமும் குளமும் சுடுகாடும் உண்டு. பறைச்சேரியும் உண்டு. தீண்டாச்சேரி என்ற சொல்லும் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரே மன்னனின் எழுத்தாணி, வாயிலுக்குக் காவலனையும் விதித்தது. அவ்வாயிலை அணுகாதோரின் குடியிருப்பையும் அளந்து குறித்தது. கோயிலுக்கு வந்த நெல் உழைப்பின்றி விளைந்ததன்று. உள்ளே நிறைந்த களஞ்சியமும் வெளியே நிறுத்தப்பட்ட மனிதனும் ஒரே பொருளாதாரத்தின் இரு பக்கங்கள்.

இந்த ஒழுங்கை அந்நிய ஆட்சியும் கலைக்கவில்லை. 1897இல் இராமநாதபுரம் சமஸ்தானத்துக் கமுதியில் நாடார் குலத்தினர் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுள் நுழைந்தபோது, அறங்காவலராகிய சேதுபதி நீதிமன்றம் சென்றார். வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை ஏறிற்று. வழக்காறு அவர்களுக்கு அவ்வுரிமையைத் தரவில்லை என்று 1908இல் முடிவாயிற்று. கமுதிக் கோயிலின் வாயிற்காவலர் அன்று இலண்டனில் அமர்ந்திருந்தனர். மதுரை மீனாட்சி கோயிலின் வாயில் ஒடுக்கப்பட்டோருக்குத் திறப்பதற்கு 1939 ஜூலை 8ஆம் நாள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மாவிட்டபுரம், 1968

எம் தீவிலே இதன் உச்சக் காட்சி யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் நிகழ்ந்தது. அக்கோயிலின் தோற்றக்கதை யாவரும் அறிந்தது. நோயினாற் குதிரைமுகம் அடைந்த சோழ இளவரசி ஒருத்தி, கீரிமலைத் தீர்த்தமாடிக் குணமடைந்து எழுப்பிய கோயில் அது என்பர். அருவருக்கத்தக்க முகத்தோடு வந்தவளை அந்த மண் ஏற்றுக்கொண்டதாம்! அதே கோயிலின் வாயில், உழைத்துக் கறுத்த முகங்களுக்கு அடைக்கப்பட்டிருந்தது.

1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதியின் பெயரால் வழிபாட்டிடங்களிலும் பொது இடங்களிலும் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. சட்டம் நூலில் உறங்கியது. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமே அதனை எழுப்பியது எனலாம். அதன்பின் தேநீர்க்கடைகளிலும் கோயில்களிலும் சம உரிமைக்கான போராட்டங்கள் குடாநாடெங்கும் பரவின. 1968ஆம் ஆண்டுத் திருவிழாக் காலத்திலே ஒடுக்கப்பட்ட மக்கள் மாவிட்டபுரத்து வாயிலை அடைந்து, உள்ளே செல்லும் உரிமை கேட்டு அமர்ந்தனர்.

அன்று அவர்களை மறித்து நின்றவர்கள் கோயிலிற் படி வாங்கிய காவலர் அல்லர். நிலமும் கல்வியும் பதவியும் பெற்ற கனவான்களே வாயிற்காவலராயினர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம். ஒக்ஸ்போர்டிற் கற்றவர், கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியிற் கணிதப் பேராசிரியராய் இருந்தவர், சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சர். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. நீதிமன்றம் அவரைக் குற்றவாளியெனக் கண்டது. கல்வி மட்டும் மனிதனை விடுவிக்கும் என்று நாள்தோறும் கூறிவரும் எம்போன்ற ஆசிரியர், இக்காட்சியை அடிக்கடி நினைத்துப் பார்ப்பது நல்லது.

இக்காட்சி ஓர் உண்மையை வெளிச்சமாக்குகிறது. வழக்கமான நாட்களில் உடைமையாளர் உள்ளே இருப்பர். கூலிக்காரன் வாயிலில் நிற்பான். தடுக்கும் பழி அவனையே சேரும். தடுக்கப்பட்டோர் கூட்டமாகத் திரண்டு வரும்போது அந்த ஏற்பாடு குலைந்துவிடுகிறது. உடைமையாளன் தானே எழுந்து வந்து கதவில் நிற்கவேண்டியவனாகின்றான். அன்றுதான் வாயில் எவருடையது என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. வெகுசனப் போராட்டம் கதவைத் திறப்பதற்கு முன்பே செய்து முடிக்கும் வேலை இது.

வரலாறு பின்னர் செய்ததோ எவரும் எதிர்பாராதது. 1990இற் போரினால் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரை விட்டு வெளியேறினர். மாவிட்டபுரம் உயர் பாதுகாப்பு வலயத்தினுள் அகப்பட்டது, கோயிலும் பெருஞ்சேதமடைந்தது. மறித்தவரின் பிள்ளைகளும் மறிக்கப்பட்டவரின் பிள்ளைகளும் ஆண்டுக்கணக்கில் வேலிக்கு வெளியே நின்றனர். காவலுக்கு நின்றது துப்பாக்கி. அகதி முகாமில் அயலவராகிய பின்னரும் சாதி அவர்களிடையே முற்றாக அழிந்துவிடவில்லை என்பது வேதனைக்குரியது.

எமது கரையின் வாயில்கள்

பிறர் வாயிலைப் பற்றி எழுதுவது எளிது. எமது கரையைப் பற்றியும் சொல்லவேண்டும். கிழக்கிலங்கையின் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பொதுவாகக் கொண்டவர்கள். கொக்கட்டிச்சோலை, திருக்கோவில் போன்ற தேசத்துக் கோயில்களில் வண்ணக்கர் எனும் பொறுப்பாளரும், திருவிழாவிற் குடிகளுக்குரிய பங்கும் முறையும் உண்டு. திருக்கோவிற் பகுதியில் 'கோவிலார்' என்ற பெயரிலேயே பரம்பரைக் கோயிற்பணி செய்த ஒரு பிரிவினர் இருந்தனர். எமது பள்ளிவாசல்களிலும் குடிக்கு ஒரு மரைக்கார் இருந்து நிருவாகம் நடத்திய முறை பழையது. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டத்தின்பின் பதிவுபெற்ற நம்பிக்கையாளர் சபைகள் வந்தன. ஆயினும் குடியின் செல்வாக்கு உடனே மறையவில்லை. ஒரே மண்ணில், ஒரே வயல் வாழ்க்கையில் எழுந்த ஒரே வகை ஒழுங்குதான் கோயிலிலும் பள்ளியிலும் இரு பெயர் பெற்றது.

தொழுகையின் வரிசையில் முன்வந்தவன் முன்னே நிற்பான். முதலாளிக்குப் பக்கத்தில் மீனவன் நிற்கலாம். தோளோடு தோள் சேரவேண்டும். இதனைப் பெருமையோடு கூறுகின்றோம், கூறத்தக்கதுதான். ஆனால் சுன்னத்துச் செய்யும் ஒஸ்தா குடும்பத்தாருக்குப் பெண் கொடுக்கவும் அவர்களிற் பெண் எடுக்கவும் தயங்கிய ஊர்கள் எமது கரையில் இல்லையா? பள்ளிவாசலில் இல்லாத காவலனை நாம் கலியாணப் பந்தலில் நிறுத்தி வைத்திருந்தோம். பெண்களுக்குத் தொழுமிடம் இல்லாத பள்ளிவாசல்கள் இன்னும் பல உள. நம்பிக்கையாளர் சபைகளில் அவர்தம் குரல் கேட்பது அரிது. அவர்களைத் தடுக்க அங்கே எவனும் தடியோடு நிற்பதில்லை. வழக்கம் எனும் காவலனுக்குப் படியும் வேண்டாம், உறக்கமும் இல்லை.

ஆகவே வாயிற்காவலே கூடாதென்பதா? இல்லை. அவ்வாறு கூறுவது வரலாற்றின் பாதியை மட்டும் கூறுவதாகும். எருசலேமிலேயே, கிறிஸ்தவரின் திருக்கல்லறைத் தேவாலயக் கதவின் திறவுகோல் பல நூற்றாண்டுகளாக ஒரு முஸ்லிம் குடும்பத்திடம் இருந்து வருகிறது. அக்கதவைத் திறக்கும் பணி மற்றொரு முஸ்லிம் குடும்பத்துக்கு உரியது. தம்முள் முரண்பட்ட கிறிஸ்தவப் பிரிவுகள் ஒரே கூரையின் கீழ் வழிபட அந்த ஏற்பாடு உதவி வந்துள்ளது. கதவு காப்பவன் அக்கதவுக்கு உரியவனாக இருக்கவேண்டும் என்பதில்லை. நம்பிக்கைக்கு உரியவனாக இருந்தாற் போதும்.

சீயோன்

2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பிலுள்ள ஒரு தேவாலயத்துக்குப் பெரிய பையோடு ஓர் அந்நியன் வந்தான். அத்தேவாலயத்தின் பெயர் சீயோன். எருசலேமின் ஆலயம் நின்ற மலைக்கு வழங்கிய பெயர். உள்ளே மக்கள் நிறைந்திருந்தனர். வந்தவன் மேல் ஐயங்கொண்ட அச்சபையைச் சேர்ந்த ஒருவர், அவனை உள்ளே விடாது வெளியே தடுத்து நின்றார். குண்டு அங்கேயே வெடித்தது. அவரும், குழந்தைகள் பலரும் உயிரிழந்தனர். அவர் அங்கே தடுத்திராவிடின் மாண்டோர் தொகை இன்னும் எவ்வளவோ பெருகியிருக்கும்.

கொலைஞன் எனது மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு அவ்வாயிலுக்கு வந்தான். இதனை எழுதாமல் இக்கட்டுரையை முடிக்க என்னால் இயலவில்லை. ஐந்து நாட்களின் பின், ஏப்ரல் 26ஆம் நாள், கல்முனையை அடுத்த எமது சாய்ந்தமருதிலே அக்கூட்டத்தைச் சேர்ந்தோர் ஒளிந்திருந்த வீட்டில், குழந்தைகளையும் பலிகொண்டு குண்டுகள் வெடித்தன. புதிதாகக் குடிவந்தோரை முதலில் ஐயுற்று அதிகாரிகளுக்கு அறிவித்தவர்கள் அவ்வயலின் முஸ்லிம் மக்களே. அன்றிரவு ஊரின் வாயிலைக் காத்தவர்கள் அவர்கள். ஆயினும் அதன்பின் நெடுங்காலம், நாட்டின் எத்தனையோ வாயில்களில் எமது பெண்களின் உடையும் எமது பெயர்களும் ஐயத்தோடு நோக்கப்பட்டன. காக்கும் காவல் எத்துணை விரைவிற் தடுக்கும் காவலாக மாறிவிடுகிறது என்பதை நாம் எம் உடலில் உணர்ந்தோம். உணர்ந்த நாம் பிறரை அவ்வாறு நிறுத்தலாகாது.

சல்லூமின் 212 பேரும், ஊர்கள் அனுப்பிய தஞ்சைக் காவலரும், மாவிட்டபுரத்துக் கனவான்களும், சீயோன் வாயிலில் நின்ற அம்மனிதரும் செய்த செயல் புறத்தோற்றத்தில் ஒன்றே: ஒரு கதவின் முன் நின்றனர். வேறுபாடு, அவர்கள் எதனைக் காத்தனர் என்பதில் உள்ளது. உடைமையையும் குலப்பெருமையையும் காப்பவன், தன்னைப்போன்ற மனிதனையே தடுக்கின்றான். இறுதியிலே தானும் வெளியே நிற்கின்றான். உள்ளிருக்கும் குழந்தைகளைக் காப்பவன் எவனுடைய குலத்தையும் கேட்பதில்லை. பையிலிருப்பது என்ன என்று மட்டுமே கேட்கின்றான்.

எமது மாணவர் வளர்ந்து நாளை பள்ளிவாசல் சபையிலும் கோயிற் சபையிலும் பாடசாலையிலும் அலுவலகத்திலும் ஏதோவொரு வாயிலிற் நிற்கப்போகின்றவர்கள். ஒருவரை மறிக்கக் கை உயரும்போதெல்லாம், நான் இப்போது யாருக்குக் காவல் என்று தம்மைத் தாமே கேட்கும் பழக்கத்தை அவர்களுக்கு நாம் கொடுத்தோமாயின், வரலாறு கற்பித்ததன் பயன் அதுவே.